வெளிநாட்டு உணவங்காடியில் தனியாகச் சாப்பிடுவது: டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மன்னார்குடியில் இருந்துகொண்டு நெல் அரவை ஆலைகளுக்கான உதிரி பாகங்களை வாங்கி விற்பது என் தொழில். அதன் பொருட்டு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை திருச்சியில் விமானம் ஏறி, சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் என்று தனியாகவே போய் வருகிறேன். ஜப்பானுக்கும் இரு முறை சென்றதுண்டு. ஊரில் யாருக்காவது பயணம் உறுதியானால் என்னைத் தேடி வந்து அவர்கள் கேட்பது விசாவைப் பற்றியோ விமானக் கட்டணத்தைப் பற்றியோ அல்ல. அவற்றுக்கு முகவர்கள் இருக்கிறார்கள். "அங்கே போய்த் தனியாளாகச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?" என்பதுதான் கேள்வி. பல ஆண்டுகளாக நான் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் பார்ப்பவர்கள் ஒரு மாதிரி நினைக்க மாட்டார்களா?

இந்தக் கேள்வி பிறப்பது நம் ஊரில்தான். காவிரிப் படுகையில் சாப்பாடு என்றால் பந்தி. தலைவாழை இலையில் உப்பு வைப்பது முதல் மோர் ஊற்றுவது வரை ஒருவர் பரிமாற மற்றவர் உண்பது. கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர் மட்டும் தனியாக அமர்ந்திருந்தால், தெரிந்தவரோ தெரியாதவரோ யாரேனும் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்துவிடுவார். வீட்டிலும்கூட ஒருவர் தனியாகத் தட்டை எடுத்துக்கொண்டு போனால், அவருக்குக் கோபம் என்றோ உடம்பு சரியில்லை என்றோதான் பொருள் கொள்வோம். அந்தப் பழக்கத்தோடு சிங்கப்பூரில் நண்பகல் வேளையில் ஓர் உணவங்காடிக்குள் நுழைபவருக்கு முதலில் கண்ணில் படுவது, தனியாக அமர்ந்து, கைப்பேசியைத் தண்ணீர்ப் புட்டியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு நிம்மதியாக உண்ணும் ஆட்கள்தான். உங்களை நிமிர்ந்து பார்க்கவும் அவர்களுக்கு நேரம் இருக்காது. கொரியாவில் இதற்கென்றே 'ஹொன்பாப்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். 'ஹொன்ஜா' என்றால் தனியாக, 'பாப்' என்றால் சோறு.

ஆகவே வெட்கம் ஒரு பொருட்டே அல்ல. தனியாகச் சாப்பிடுபவருக்கு உண்மையான சிக்கல் வேறு: இடத்தைப் பிடிப்பதும், பையைக் காப்பதும், வரிசையில் நிற்பதும், சூடான தட்டைச் சுமந்து வருவதும் ஒரே ஆள் செய்யவேண்டிய வேலைகள், கைகளோ இரண்டு. இருவராகச் சென்றால் தோன்றவே தோன்றாத இந்தக் கணக்குதான் கீழே உள்ள பெரும்பாலான பதில்களின் அடிப்படை.

உணவங்காடி என்றால் ஓட்டல்தானா?

அல்ல. ஒரே கூரையின் கீழ் பல சிறு கடைகள் இருக்கும். நடுவில் எல்லாருக்கும் பொதுவான மேசைகள் இருக்கும். கடைக்காரர் சமைத்துக் கொடுப்பார், எடுத்து வருவது நம் வேலை. சிங்கப்பூரில் அரசு கட்டிய, காற்றோட்டமான கட்டடங்களில் இருப்பவற்றைத் தமிழில் 'உணவங்காடி நிலையம்' என்று அறிவிப்புப் பலகைகளில் எழுதியிருப்பார்கள். கடைத்தொகுதிகளுக்குள் குளிரூட்டப்பட்டு இருப்பது 'ஃபுட் கோர்ட்', அங்கே விலை சற்றுக் கூடுதல். மலேசியாவில் 'மெடான் செலேரா' என்ற பலகையைத் தேடுங்கள். சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நான் இதைச் சொல்வது பெருமைக்காக அல்ல. "மலிவான இடம், மட்டமான இடம்" என்று எண்ணி நம்மவர்கள் சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள் என்பதற்காக.

முதலில் இடம் பிடிக்க வேண்டுமா, சாப்பாடு வாங்க வேண்டுமா?

இடம்தான் முதலில். தட்டை ஏந்திக்கொண்டு இடம் தேடி அலைவது போன்ற அவஸ்தை வேறில்லை. நூடுல்ஸ் சூப்பு ததும்பும், தோளில் பை நழுவும், காலி நாற்காலி என்று நினைத்து நெருங்கினால் அங்கே ஒரு குடை படுத்திருக்கும்.

அந்தக் குடைக்கு ஒரு பொருள் உண்டு. சிங்கப்பூரில் மேசைமேல் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தையோ குடையையோ வைத்துவிட்டுப் போனால், அந்த இடம் ஒருவருக்கு உரியது என்று கொள்ள வேண்டும். இதற்கு 'சோப்' செய்தல் என்று பெயர். குளிக்கும் சோப்புக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சட்டத்தில் இல்லாத வழக்கம்தான், ஆயினும் மதிக்கப்படுகிறது. காகிதக் கைக்குட்டையை அங்கே கடைகளில் கொடுக்கமாட்டார்கள் என்பதால், அந்தப் பொட்டலம் கை துடைக்கவும் உதவும், இடம் பிடிக்கவும் உதவும். முதியவர்கள் மேசை மேசையாக வந்து விற்பார்கள், ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் கடைப்பிடிக்கும் முறை வேறு. பல இடங்களில் பானக் கடையின் ஆள் மேசைக்கே வந்து "என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்பார். உட்கார்ந்து ஒரு தேநீர் சொல்லி, அது வந்ததும் காசைக் கொடுத்துவிட்டு, குவளையை மேசையில் விட்டுச் சாப்பாடு வாங்கப் போவேன். குடித்துக்கொண்டிருக்கும் குவளை இருக்கும் இடத்தில் எவரும் உட்காரமாட்டார்கள். இதிலும் ஒரு பள்ளம் உண்டு. முக்கால் குவளை குடித்துவிட்டுப் போனால், மேசை துடைப்பவர் அதை முடிந்த குவளை என்று எடுத்துப் போய்விடுவார். கோலாலம்பூரில் ஒருமுறை நான் சோற்றுத் தட்டோடு திரும்பியபோது, என் மேசையில் நான்கு மாணவர்கள் சிரித்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள்; மேசை பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது. ஆகவே குவளை பாதிக்கு மேல் நிறைந்திருக்கட்டும்.

பையையும் கடவுச்சீட்டையும் என்ன செய்வது?

கடவுச்சீட்டும் பணமும் உடம்போடு இருக்க வேண்டும். இதில் பேச்சுக்கு இடமில்லை. சிங்கப்பூரில் மடிக்கணினியையே மேசையில் விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கலாம். அதைப் பார்த்து நாமும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. குற்றம் குறைவு என்பதால் குற்றமே இல்லை என்று ஆகிவிடாது என்று அந்நாட்டுக் காவல் துறையே சொல்கிறது. சக்கரப் பெட்டியோடு போவதைத் தவிருங்கள்; விடுதியில் வைத்துவிட்டு வரலாம், அறையைக் காலி செய்த பின்னும் பெரும்பாலான விடுதிகளில் மாலைவரை பெட்டியை வைத்திருப்பார்கள். தவிர்க்க முடியாவிட்டால் நீங்கள் வாங்கப்போகும் கடைக்கு நேர் எதிரே உள்ள மேசையைத் தேர்ந்தெடுங்கள். உணவை மேசையைப் பார்த்துத் தீர்மானிப்பது விந்தையாகத் தோன்றலாம், ஆனால் பெட்டியோடு தனியாக வந்தவருக்கு வேறு வழியில்லை.

தெரியாதவர் எதிரில் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது?

உட்காரட்டும். அதுதான் அங்கே வழக்கம். "இங்கே யாராவது இருக்கிறார்களா?" என்று ஒரு சொல் கேட்பார்கள், அல்லது கையால் நாற்காலியைச் சுட்டுவார்கள், தலையசைத்தால் போதும். நீங்களும் அவ்வாறே கேட்டு உட்காரலாம். நால்வர் மேசையில் ஒருவராக அமர்ந்து மற்ற மூன்று நாற்காலிகளையும் பையால் அடைத்து வைப்பதுதான் மரியாதைக் குறைவு. பேச்சுக் கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனால் பேச்சு தானாக அமைந்துவிடுவதும் உண்டு. சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி நிலையத்தில் ஒரு பெரியவர் என் எதிரே அமர்ந்து, நான் பரோட்டாவைப் பிய்த்துப்போடும் விதத்தையே சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "பசியாறிட்டு இருக்கீங்களா? ஊரு எந்தப் பக்கம்?" என்றார். மன்னார்குடி என்றேன். அவருடைய தாத்தா நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி வந்தவராம். அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது என்பது நம் பகுதியில் முதியவர்கள் பலருக்கும் தெரியும். 'பசியாறுதல்' என்ற சொல்லை அங்குள்ள தமிழர்கள் இன்றும் அன்றாடம் புழங்குகிறார்கள். நம் பக்கத்தில் நாகூர், கூத்தாநல்லூர் வீடுகளில் காலை உணவுக்கு அச்சொல்லைக் கேட்டிருக்கிறேன். அவர் ஒருமுறையும் தமிழ்நாட்டுக்கு வந்ததில்லை. "திருவாரூர்த் தேர் இன்னும் ஓடுதா?" என்று கேட்டார்.

நான் சைவம். தனியாகப் போனால் பட்டினிதானா?

பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் ஏமாறாமல் இருக்கக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். என் கதையைச் சொல்கிறேன். புரட்டாசி மாதம், ஒரு மாதம் அசைவம் தொடுவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஓர் உணவங்காடியில் கறிவகைகளைத் தட்டுத்தட்டாக அடுக்கி வைத்திருந்த கடையில் 'கங்கோங்' என்ற கீரையைப் பார்த்தேன். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, நம் ஊர்க் குளத்தங்கரையில் படர்ந்து கிடக்கும் வள்ளைக் கீரையேதான். தண்டு குழலாக இருக்கும், இலை நீண்டு அம்பு போல இருக்கும், சந்தேகமே இல்லை. "வெஜிடேரியன்?" என்று கேட்டேன். கடைக்கார அம்மாள் "யெஸ், யெஸ், வெஜிடபிள்" என்றார். இரண்டாம் வாயிலேயே கருவாட்டு வாடை தூக்கியது. அது 'பெலாச்சான்' என்னும் இறால் விழுதில் வதக்கியது. அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. நான் கேட்டது சைவமா என்று, அவர் காதில் விழுந்தது காய்கறியா என்று.

அன்றுமுதல் நான் 'வெஜிடேரியன்' என்று கேட்பதை விட்டுவிட்டேன். இறைச்சி, மீன், இறால், முட்டை ஆகிய ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மலாயில் ஆயாம் என்றால் கோழி, இக்கான் என்றால் மீன், ஊடாங் என்றால் இறால், தெலூர் என்றால் முட்டை, லெம்பு என்றால் மாடு, பாபி என்றால் பன்றி. இந்த ஆறு சொற்களையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது பெரிய பாதுகாப்பு. கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருப்பவையும் உண்டு. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கோடு தரும் 'சம்பல்' என்னும் மிளகாய் விழுதில் நெத்திலியும் இறால் விழுதும் இருக்கும். லக்சா என்னும் நூடுல்ஸ் உணவின் குழம்பில் காய்ந்த இறாலை அரைத்துச் சேர்ப்பார்கள். சீனக் கடையில் கீரையின் மேல் ஊற்றும் கறுப்புச் சாறு பெரும்பாலும் சிப்பிச் சாறு. தாய்லாந்தில் உப்புக்குப் பதில் மீன் சாறு. ஜப்பானில் மீன் துருவலில் வடித்த 'தாஷி' ஏறக்குறைய எல்லாக் குழம்புகளுக்கும் அடிப்படை.

இவற்றுக்கு நடுவே சைவர்களுக்குப் பெரிய துணை, சீனர்களின் சைவக் கடைகள். பௌத்த வழக்கத்தைப் பின்பற்றி வெங்காயம், பூண்டுகூட இல்லாமல் சமைப்பவர்கள் அவர்களில் பலர். சைவத்தைக் குறிக்கும் சீன எழுத்தை 'சூ' என்று ஒலிப்பார்கள். அதைக் கைப்பேசியில் படமாகச் சேமித்து, பலகைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கடைகளில் கோழி, மீன் போன்ற வடிவில் இருப்பவை எல்லாம் சோயாவிலோ கோதுமைப் பசையிலோ செய்தவை. உருவத்தைப் பார்த்துப் பயந்து திரும்பி வரவேண்டாம். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் உண்பது அங்கே பலருக்கு நோன்பு, அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள். அன்று அக்கடைகளில் கூட்டம் நிறைந்திருக்கும், சற்று முன்னதாகப் போங்கள். தாய்லாந்தில் 'ஜே' என்ற சொல்லும் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தும் இதற்கு இணையான அடையாளம். அவர்களுடைய ஒன்பது நாள் சைவத் திருவிழா பெரும்பாலும் நம் நவராத்திரியை ஒட்டியே வரும்; அப்போது பாங்காக் சென்றால் தெருவெல்லாம் மஞ்சள் கொடிதான்.

நம் ஊர்ச் சாப்பாடே வேண்டும் என்றால் சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் போனால் கிடைக்கும். 1924-இல் தொடங்கிய ஆனந்த பவனும் 1947-இல் தொடங்கிய கோமள விலாசும் இன்னும் நடக்கின்றன. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி. ஆனால் மூன்று நாள் பயணத்தில் மூன்று நாளும் அங்கேயே சாம்பார் சாதம் சாப்பிட்டுத் திரும்புவது, கடலுக்குப் போய்க் குடத்துத் தண்ணீரில் குளித்துவிட்டு வருவது போன்றது என்பது என் எண்ணம்.

ஹலால் உணவை எப்படி அடையாளம் காண்பது?

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை நண்பர்கள் கேட்பது. சிங்கப்பூரில் 'மூயிஸ்' என்ற இஸ்லாமிய சமய மன்றமும், மலேசியாவில் 'ஜாக்கிம்' என்ற அரசுத் துறையும் சான்றிதழ் கொடுக்கின்றன. அதைக் கடை முகப்பில் ஒட்டியிருப்பார்கள். "பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை" என்று எழுதியிருப்பது ஹலால் சான்றிதழ் ஆகாது என்பதை நினைவில் வையுங்கள். சான்றிதழ் இல்லாமலும் முஸ்லிம்களே நடத்தும் கடைகள் உண்டு. அங்கே கேட்டறிந்துகொள்வது உங்கள் மனநிறைவைப் பொறுத்தது.

சோற்றின் மேல் குழம்பு வகைகளை ஊற்றித் தரும் பினாங்கின் நாசி கண்டார், உணவங்காடிகளில் கிடைக்கும் மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸ், இழுத்து ஆற்றிய 'தே தாரிக்' தேநீர் என இவை யாவும் தமிழ் முஸ்லிம்கள் கடல் கடந்து சென்று உண்டாக்கிய உணவுகள். அவர்கள் நடத்தும் கடையை மலேசியாவில் 'மாமாக்' என்பார்கள்; 'மாமா' என்ற நம் சொல்தான் அது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா என்ற பெயரிலேயே 1830-ஆம் ஆண்டு வாக்கில் கட்டி முடித்த கட்டடம் இருக்கிறது.

நம் டிகிரி காபி போலக் கிடைக்குமா?

கிடைக்காது, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள், ஏமாற்றம்தான் மிஞ்சும். அங்குள்ள 'கோப்பி' வேறு வகை. கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெயோ மார்கரினோ சேர்த்துக் கறுக்க வறுத்து, நீண்ட துணிப்பையில் வடிகட்டி, கெட்டிப்பால் ஊற்றித் தருவார்கள். கும்பகோணத்துப் பித்தளை டபராவில் நுரை ததும்ப வரும் காபியை மறந்துவிட்டு, இது வேறொரு பானம் என்று நினைத்துக் குடித்தால் நன்றாகவே இருக்கும்.

சொல்லும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், அதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. 'கோப்பி' என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பாலும் சர்க்கரையும் சேர்ந்தது. 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. 'கோப்பி சி' என்றால் கெட்டிப்பாலுக்குப் பதிலாக இனிப்பில்லாத சுண்டிய பாலும் சர்க்கரையும். 'கோசோங்' என்று பின்னால் சேர்த்தால் சர்க்கரை அறவே கிடையாது. மலாயில் வெறுமை என்று பொருள். 'சியூ டாய்' என்றால் இனிப்புக் குறைவு, 'பெங்' என்றால் பனிக்கட்டி. தேநீருக்கும் இதே இலக்கணம்தான், 'தே' என்று தொடங்க வேண்டும். 'தே ஹாலியா' என்பது இஞ்சித் தேநீர். நீரிழிவு உள்ளவர்கள் 'கோப்பி சி கோசோங்' என்ற மூன்று சொற்களை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். மலேசியாவில் 'குராங் மானிஸ்' என்றால் இனிப்பைக் குறைப்பார்கள். குறைத்த பிறகும் நம் நாவுக்கு அது இனிப்புதான்.

எந்த நேரத்தில் போவது நல்லது?

அலுவலகங்கள் உள்ள பகுதியில் பன்னிரண்டு மணிமுதல் ஒன்றரை மணிவரை தனியாளுக்குச் சோதனைக் காலம். சிங்கப்பூர் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே இரண்டு மணி என்றால் நம் வயிற்றுக்குப் பதினொன்றரை. ஆகவே போய்ச் சேர்ந்த முதல் இரண்டு நாள் நமக்குப் பசி எடுப்பதே கூட்டம் கலையும் வேளையில்தான், வசதியாகப் போயிற்று. ஆனால் இரண்டரை மணிக்கு மேல் சில கடைகள் அடுப்பை அணைத்துவிடும். திங்கட்கிழமை விடுமுறை விடும் கடைகளும் உண்டு.

பணம் எப்படிக் கொடுப்பது?

சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலரை 'வெள்ளி' என்பார்கள். "நாலரை வெள்ளி" என்று கேட்டால் விழிக்காதீர்கள். பழைய கடைகள் சிலவற்றில் வெளிநாட்டு அட்டையை ஏற்கமாட்டார்கள், உள்ளூர்ச் செயலிகள் நம்மிடம் இருக்காது. எனவே 2, 5, 10 வெள்ளித் தாள்கள் கையில் இருக்கட்டும். 50 வெள்ளித் தாளை நீட்டிக் கோப்பி கேட்டால் முகம் சுளிப்பார்கள், அதில் தவறும் இல்லை. உணவங்காடியில் பலகையில் உள்ள விலையே பொதுவாக முழு விலை. உணவகங்களிலோ விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 விழுக்காடு வரியும் சேரும்; 20 வெள்ளிச் சாப்பாடு கிட்டத்தட்ட 24 ஆகிவிடும்.

பாங்காக்கின் கடைத்தொகுதிகள் பலவற்றில் முறையே வேறு. நேராகக் கடைக்குப் போய்ப் பணத்தை நீட்டினால் வாங்கமாட்டார்கள். முதலில் முகப்பிலுள்ள கூண்டில் பணம் கட்டி ஓர் அட்டை வாங்க வேண்டும், கடைகளில் அதைக் காட்டிச் சாப்பிட வேண்டும், மிச்சத்தை அதே கூண்டில் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அசோக் நிலையத்தருகே உள்ள டெர்மினல் 21 கடைத்தொகுதியில் இப்படித்தான். மிச்சத்தை அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

தண்ணீர் தருவார்களா?

நம் ஊரில் உட்கார்ந்தவுடன் டம்ளர் வந்துவிடும், அங்கே வராது. சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்பதால் ஒரு புட்டியை எடுத்துச் சென்று நிரப்பிக்கொள்ளுங்கள். பாங்காக்கில் விலைக்கு வாங்குங்கள். ஜப்பானில் குளிர்ந்த தண்ணீர் இலவசமாக இருக்கும், நாமே பிடித்துக்கொள்ள வேண்டும்.

கையால் சாப்பிடலாமா?

தாராளமாக. சிங்கப்பூர், மலேசிய உணவங்காடிகளில் கை கழுவும் தொட்டிகள் இருக்கும். மலாய்க்காரர்களும் கையால் உண்பவர்களே. ஆனால் தனியாக வந்தவர் கை கழுவ எழுந்து போகும்போது தட்டும் பையும் அனாதையாக இருக்கும் என்பதால், நான் தனியாக இருக்கையில் கரண்டியையே எடுத்துக்கொள்கிறேன். பரோட்டாவுக்கு மட்டும் விதிவிலக்கு.

சாப்பிட்டு முடித்த தட்டை என்ன செய்வது?

நாமேதான் எடுத்துப் போய், அதற்கென உள்ள அடுக்கில் வைக்க வேண்டும். சிங்கப்பூரில் இது வெறும் நாகரிகம் அன்று, சட்டம். உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பர் 1 முதலும், காப்பிக் கடைகளிலும் ஃபுட் கோர்ட்டுகளிலும் 2022 ஜனவரி 1 முதலும் நடைமுறைக்கு வந்தது. முதல் முறை எழுத்து வழி எச்சரிக்கை, மறுமுறை 300 வெள்ளி அபராதம். பயன்படுத்திய காகிதக் கைக்குட்டையை மேசையில் விட்டுச் செல்வதும் இதில் அடங்கும். ஹலால் தட்டுக்கும் மற்றதற்கும் தனித்தனி அடுக்குகள் இருக்கும். பலகையைப் படித்துவிட்டு வையுங்கள்.

இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தே பழகிய நமக்கு இது கொஞ்சம் உறுத்தும். என்னோடு ஒருமுறை வந்த ஆலை முதலாளி ஒருவர், "நம்மகிட்ட காசையும் வாங்கிட்டு எச்சில் தட்டையும் எடுக்கச் சொல்றானா?" என்றார். பக்கத்து மேசையில் கழுத்துப்பட்டை அணிந்த ஒருவர் தம் தட்டையும், தவறி விழுந்திருந்த மீன் முள்ளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்த பிறகு பேசாமல் எழுந்து வந்தார்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

வேலை நிமித்தம் தனியாகச் சென்றுவரும் என் தங்கையிடம் கேட்டு எழுதுகிறேன். சிங்கப்பூரில் இரவு ஒன்பது, பத்து மணிக்கும் தனியாக உணவங்காடியில் உட்கார்ந்து சாப்பிடுவதில் அவளுக்குத் தயக்கம் ஏற்பட்டதில்லை. மற்ற நாடுகளில் இருட்டிய பின் தெருவோரச் சந்தையைவிடக் கடைத்தொகுதிக்குள் இருக்கும் இடத்தையே தேர்ந்தெடுக்கிறாள். காரணம் சாப்பாடு அன்று, திரும்பும் வழியில் உள்ள வெளிச்சமும் ரயில் நிலையமும். பீர் விற்கும் கடையை ஒட்டிய மேசைகளைத் தவிர்த்து, குடும்பங்கள் இருக்கும் பக்கம் அமர்கிறாள். யாராவது தேவையில்லாமல் பேச்சை நீட்டினால், பதில் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவாளாம். "இலை போட்டிருந்தால்தான் பாதியில் எழுந்திரிக்கக் கூடாது அண்ணே, இது தட்டுதானே" என்கிறாள்.

பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, வயதான நான் பகலில் தனியாகப் போய்ச் சாப்பிட முடியுமா?

பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் அம்மாக்கள், அப்பாக்கள் கேட்பது. எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான். முடியும். முதல் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு அந்த வட்டாரத்தின் உணவங்காடிக்கு ஒருமுறை போய், எந்தக் கடையில் எது, எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். மறுநாள் அதே கடையில் அதையே வாங்குங்கள். மூன்றாம் நாள் கடைக்காரர் உங்களைப் பார்த்தவுடன் எடுத்துவைக்கத் தொடங்கிவிடுவார். வீட்டு முகவரியையும் பிள்ளையின் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆனாலும் எல்லாக் கடைக்காரருக்கும் தமிழ் தெரியும் என்று பொருள் இல்லை. விரலால் சுட்டிக்காட்டினால் போதும், உணவுதான் கண்ணெதிரே இருக்கிறதே. ஈரத் தரையில் தட்டோடு நடப்பது மட்டும்தான் ஆபத்து. தடுமாற்றம் இருந்தால் சூப்பு, குழம்பு வகைகளைத் தவிர்த்து உலர்ந்த உணவாக வாங்குங்கள், அல்லது பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். 'தாப்பாவ்' என்றாலோ, மலாயில் 'புங்குஸ்' என்றாலோ கட்டித் தருவார்கள்.

மிச்சத்தை ரயிலில் சாப்பிட்டுக்கொண்டே போகலாமா?

கூடாது. சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் உண்பதும் பருகுவதும் குற்றம், 500 வெள்ளிவரை அபராதம் விதிக்கலாம். துபாய் மெட்ரோவிலும் தடை உண்டு. அங்கே 100 திர்ஹம். மயிலாடுதுறை பாசஞ்சரில் முறுக்கு கடித்துக்கொண்டு போகிற நினைப்பில் பையைத் திறந்துவிடாதீர்கள்.

வீட்டிலிருந்து எடுத்துவந்த புளியோதரையை அங்கே உட்கார்ந்து சாப்பிடலாமா?

அந்த மேசைகள் அங்கே கடை வைத்திருப்பவர்களின் வாடிக்கையாளர்களுக்கானவை. ஒரு தேநீராவது வாங்கிவிட்டுப் பிரியுங்கள். தனியாகச் சாப்பிடுவதால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று மேலே சொன்னேன். புளியோதரை வாசனைக்கு அது பொருந்தாது.

ஊரில் இருப்பவர்கள் கவலைப்படுகிறார்களே, அவர்களுக்கு என்ன சொல்வது?

சாப்பிடத் தொடங்கும் முன் தட்டைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், "சாப்பிட்டியா?" என்ற அழைப்பு பாதி குறையும். நான் என் அம்மாவுக்கு அனுப்புவேன். சோறு, கீரை, சோயாக் கட்டி, ஒரு குவளை தே ஹாலியா என்று எல்லாம் தெளிவாகத் தெரியும்படிதான் எடுப்பேன். சற்று நேரத்தில் குரல் செய்தி வரும்: "ரசம் எங்கடா?"